காதுக்குள் குழாய் வைத்தால் பேச்சு வருமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. இரண்டு காதிலும் ஜவ்வுக்குப் பின்னால் நீர் கோத்து நான்கு மாதமாகிறது. கிராமெட் (காது ஜவ்வில் பொருத்தும் சிறு குழாய்) வைக்கச் சொல்கிறார் டாக்டர். பத்துப் பதினைந்து சொற்கள்தான் பேசுகிறான். மூளை வளர்ச்சி பாதிக்குமா?
– வாசகி, ஈரோடு

பதில்: மூளைக்கு ஒன்றும் ஆகாது. காதில் நீர் நின்றால் கேட்கும் திறன் சராசரியாக 25 முதல் 30 டெசிபல் வரை குறையும். விரலால் காதை அடைத்துக்கொண்டு கேட்பது போல. 'வந்தான்', 'வந்தாள்' இரண்டுக்கும் வேறுபாடு கடைசி எழுத்தில்தானே இருக்கிறது? அதுதான் முதலில் நழுவும்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில், மற்றபடி நலமாயிருந்த 429 குழந்தைகளில் ஒரு பாதிக்கு மூன்று வயதுக்குள் உடனே குழாய் வைத்தார்கள். மறுபாதிக்கு, நீர் வற்றாவிட்டால் மட்டும் 6 முதல் 9 மாதம் கழித்து. 9 முதல் 11 வயதில் சோதித்தபோது பேச்சு, படிப்பு, கவனம் எதிலும் வித்தியாசமில்லை. ஆனால் உங்கள் மகனுக்குப் பேச்சு ஏற்கெனவே பின்தங்கியிருக்கிறது. இந்த முடிவைக் காட்டி அவனைக் காத்திருக்க வைப்பது சரியல்ல. முதலில் ஆடியாலஜிஸ்ட்டிடம் கேட்கும் திறனைச் சோதியுங்கள். கூடவே பேச்சுப் பயிற்சியாளரையும் பாருங்கள். நீர் மட்டுமே காரணம் என்று நினைத்து வேறொன்றைக் கோட்டைவிடக் கூடாது. குழாய் செவியைத் திறக்கும், அவ்வளவுதான். சொற்களை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்: டிவியை அணைத்து, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்.

அறுவை பத்துப் பதினைந்து நிமிடம்தான். மயக்கம் கொடுத்து, ஜவ்வில் சிறு கீறல் போட்டு, பிசின் போன்ற நீரை உறிஞ்சி எடுத்துவிட்டுக் குழாயைப் பொருத்துவார்கள். பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்தில் தானே விழுந்துவிடும். நூற்றில் ஓரிரு குழந்தைகளுக்கு ஓட்டை மூடாமல் நிற்கலாம். அதனால் விழுந்த பிறகும் ஒருமுறை காட்டுங்கள்.

கேள்வி: குழாய் வைத்த காதில் சீழ் வந்தால்? எண்ணெய்க் குளியல்?

பதில்: காதில் எண்ணெய் விடவே கூடாது; தலைக்குத் தேய்க்கலாம். சாதாரணக் குளியலுக்குப் பஞ்சு தேவையில்லை. சோப்பு நீரில் மூழ்குவதையும் குளம், ஆற்றில் முங்குவதையும் தவிருங்கள். சீழ் வந்தால், காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லாதபோது வாய்வழி ஆன்டிபயாட்டிக்கைவிடச் சொட்டு மருந்தே நன்றாக வேலை செய்யும். டாக்டர் எழுதித் தரும் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது ஆஃப்ளாக்சசின் மட்டும். வீட்டில் கிடக்கும் ஜென்டாமைசின், நியோமைசின் சொட்டுகள் வேண்டாம். குழாய் வழியே உள்ளே போய் உட்காதைக் கெடுத்து, கேட்கும் திறனையே பாதிக்கக்கூடும். வெளியே வடிந்த சீழைத் துடைத்துவிட்டுச் சொட்டு விடுங்கள். பிறகு காதுத் துளைக்கு முன்னாலுள்ள சிறு மேட்டை நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். இல்லாவிட்டால் மருந்து குழாயைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றுவிடும்.