தெரிந்த சொல்தான் தடுக்கும்

கேள்வி: சுசீந்திரத்தில் இருக்கிறேன். ஓய்வு பெற்றபின் சிவஞான போதத்தைப் பெரிய உரையோடு வாங்கினேன். மூன்று மாதமாகியும் முதல் சூத்திரத்தையே தாண்டவில்லை. வயதாகிவிட்டதா, புத்தி போதவில்லையா?

பதில்: இரண்டும் இல்லை ஐயா. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் செய்த அந்தச் சைவ சித்தாந்த நூல் 12 சூத்திரம், மொத்தமே 40 வரி. சூத்திரம் என்றாலே ஆசிரியர் விரித்துச் சொல்ல, மாணவர் கேட்டுப் படிப்பது. தனியாக உட்கார்ந்து படித்தால் யாருக்கும் மூச்சு முட்டும்.

கொஞ்ச நாள் உரையை மூடி வையுங்கள். முதல் சூத்திரத்தைச் சத்தமாக, சொல் பிரித்துப் படியுங்கள்:

அவன் அவள் அது எனும் அவை மூவினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்து உளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்.

இதில் அகராதி பார்க்க வேண்டிய சொல் ஒன்றிரண்டுதான். நம்மைத் தடுக்கி விழவைப்பது தெரிந்த சொற்கள். 'மலம்' என்றதும் மனம் வேறெங்கோ போகிறது. இங்கே அது உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கு. இதே சாத்திரத்தில் பாசம் என்றால் அன்பு இல்லை, கட்டு; பசு என்றால் உயிர். ஒரு நோட்டில் இப்படிப்பட்ட சொற்களை மட்டும் எழுதி, எதிரே நாம் வீட்டில் சொல்லும் பொருளையும் நூலின் பொருளையும் குறித்து வாருங்கள். என் அனுபவத்தில் பாதிச் சிக்கல் இதிலேயே அவிழ்ந்துவிடும்.

அப்புறம், இந்த வரி யாருக்குப் பதில் சொல்கிறது என்று கேளுங்கள். உலகம் என்றும் இப்படியேதான் இருக்கிறது, தோற்றுவித்தவன் எவனும் இல்லை என்று ஒருவர் வாதாடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவன், அவள், அது என்று சுட்டப்படும் எல்லாமே தோன்றி, நின்று, ஒடுங்குகின்றன. அப்படியானால் செய்பவன் ஒருவன் வேண்டும் என்பது பதில். உங்கள் ஊர்க் கோயிலில் அயன் (பிரமன்), மால் (திருமால்), தாணு (சிவன்) மூவரையும் ஒன்றாகக் கும்பிட்டவர் நீங்கள். தோன்றுதல், நிற்றல், ஒடுங்குதல் என்ற மூவினை உங்களுக்குப் புதிதில்லை. புதிது 'அந்தம் ஆதி'. எல்லாம் ஒடுங்கியபின் எஞ்சி நிற்பவன் எவனோ, அவனிடமிருந்துதானே மறுபடி தோன்ற முடியும்? அதனால் முடிப்பவனே முதல்வன். இந்த இடத்தில் ஒரு வாரம் தங்கினாலும் தகும்.

உரைகளில் மாபாடியத்தை இப்போதே எடுக்க வேண்டாம். அதை எழுதிய சிவஞான முனிவர் நம் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்துக்காரர்தான். ஆனாலும் வடமொழித் தருக்கம் தெரிந்தவரை நினைத்து எழுதியிருக்கிறார். முதலில் உண்மை விளக்கத்தைப் படியுங்கள். மாணவர் கேட்க, ஆசிரியர் சொல்வதாக அமைந்த சிறிய நூல். கூடப் படிக்க ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

பிறகு இரண்டாம் சூத்திரத்துக்கு வாருங்கள். அது 'அவையே தானேயாய்' என்று தொடங்கும். அந்த 'அவை' முதல் சூத்திரத்தில் வந்த உலகமா, உயிர்களா? உங்கள் பதிலை நோட்டில் எழுதிவிட்டு, அதற்கப்புறம் உரையைத் திறந்து பாருங்கள்.