வாசகர் கேள்வி–பதில்: சூரியக் காற்றும் காந்தப் புயலும்

சூரியன்ல வெடிப்பு, பூமிக்கு வருதுன்னு அடிக்கடி நியூஸ் போடறாங்க. பாதி தடவை ஒண்ணுமே ஆகறதில்லையே, ஏனுங்க?
– வாசகர், கோபிசெட்டிப்பாளையம்

செய்தியில் வேகத்தை மட்டும்தான் சொல்கிறார்கள். காந்தப் புயலை, அதாவது பூமியின் காந்தப்புலம் கலங்குவதை, தீர்மானிப்பது அந்த வெடிப்போடு சேர்ந்து வருகிற காந்தப்புலத்தின் திசை.

சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வரும் மின்துகள் ஓட்டம், சாதாரண நாளில் நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் வீசும். சூரியன் பிளாஸ்மாவை (மின்துகள்களாலான சூடான வாயு) மொத்தமாக உமிழ்ந்தால் 1,000 கி.மீ.யைக்கூடத் தாண்டும், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் இங்கே வந்துவிடும். பகல் பக்கத்தில் பூமியின் காந்தக் கோடுகள் வடக்கு நோக்கி நிற்கின்றன. சூரியனிலிருந்து வரும் காந்தக் கோடுகளும் வடக்கு நோக்கியிருந்தால் பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும். தெற்கு நோக்கியிருந்தால் இரு கோடுகளும் அறுந்து ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். ஆற்றல் உள்ளே பாயும். பவானிசாகர் நிரம்பிக் கிடந்தாலும் மதகு திறந்தால்தானே வாய்க்காலில் தண்ணீர்!

உள்ளே வந்த ஆற்றல் இரவுப் பக்கத்தில் வால்போல் நீண்டிருக்கும் பூமியின் காந்தப்புலத்தில் (காந்த வால்) சேர்ந்து, மின்துகள்களைப் பூமியை நோக்கித் தள்ளுகிறது. அவை நிலநடுக்கோட்டுக்கு மேலே பல்லாயிரம் கி.மீ. உயரத்தில் மேற்கு நோக்கி ஓடும் வளைய மின்னோட்டம் ஆகின்றன. அதன் புலம் பூமியின் புலத்துக்கு எதிர்த்திசை என்பதால் தரையில் காந்தப்புலத்தின் அளவு குறைகிறது. 100 நானோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல் குறைந்தால் கடும் புயல். 2024 மே 10, 11இல் 400க்கும் மேல் குறைந்தது.

ஊட்டி முத்தோரையில் உள்ள 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியால் வரும் வழியிலேயே வேகத்தைக் கணிக்கலாம். திசை தெரிய 15 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கும் ஆதித்யா-எல்1 போன்ற விண்கலத்தை அந்தப் பிளாஸ்மா கடக்க வேண்டும். நொடிக்கு 800 கி.மீ. என்றால் அங்கிருந்து இங்கே அரை மணி நேரம்தான். முந்தின நாள் செய்தி பொய்த்துப் போவது இதனால்தான்.

ஆர்டிகே கருவி (சென்டிமீட்டர் துல்லியத்துல அளக்கற ஜிபிஎஸ்) வெச்சுத் தோப்பு அளக்கறோம். புயல் நாள்ல காம்பஸ் தப்பாக் காட்டுங்களா?
– வாசகர், பொள்ளாச்சி

காம்பஸுக்கு ஒன்றும் ஆகாது. நம் பக்கம் பூமியின் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. 400 குறைந்தாலும் ஒரு சதவீதம். பக்கத்தில் நிற்கும் ஜீப் அதைவிட அதிகம் கெடுக்கும்.

சிக்கல் ஜிபிஎஸ்ஸில். வானில் உயரே மின்துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தில் எலக்ட்ரான் அடர்த்தி தாறுமாறாக மாறும்போது சிக்னல் தாமதம் பேஸுக்கு (ஓரிடத்தில் நிலையாக வைக்கும் கருவி) ஒரு மாதிரி, ரோவருக்கு (கையில் எடுத்துப் போய் அளக்கும் கருவி) ஒரு மாதிரி ஆகிவிடும். 2024 மே புயலில் அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் ஜிபிஎஸ் டிராக்டர்கள் தடுமாறின. நாம் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால், புயல் இல்லாவிட்டாலும் மார்ச், செப்டம்பர் ஒட்டிய மாதங்களில் பொழுது சாய்ந்த பின் நள்ளிரவு வரை இந்தத் தொல்லை உண்டு.

பேஸை 5 கி.மீ.க்குள் வையுங்கள். ஒற்றை அலைவரிசைக் கருவி வேண்டாம். திரையில் ‘ஃபிக்ஸ்’ (துல்லியம் கிடைத்துவிட்டது) என்று வந்ததும் நம்பிவிடாதீர்கள். இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த கல் ஒன்றை முதலிலும் கடைசியிலும் அளந்து பாருங்கள். 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் நடுவில் எடுத்த புள்ளிகளையெல்லாம் தள்ளிவிடுங்கள். ஃபிக்ஸும் ஃப்ளோட்டும் (துல்லியம் இன்னும் உறுதியாகவில்லை) மாறி மாறி வந்தால் மூட்டை கட்டிவிட்டு மறுநாள் காலையில் வருவதுதான் லாபம்.

டிரான்ஸ்பார்மர் வெடிக்குமாமே?
– வாசகர், பல்லடம்

காந்தப் புயலால் 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் பேருக்குச் சுமார் 9 மணி நேரம் மின்சாரம் இல்லை. அது துருவத்தை ஒட்டிய, கெட்டிப் பாறை நிலம். தரையில் தூண்டப்பட்ட மின்னோட்டம் டிரான்ஸ்பார்மரைத் தரையோடு இணைக்கும் நியூட்ரல் வழியே மின்கட்டமைப்புக்குள் ஏறிவிட்டது. நம் அட்சரேகையில் அந்த மின்னோட்டம் மிகக் குறைவு. பல்லடத்தில் கரண்ட் போனால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.