வாட்ச் சொல்வதை விரலால் சரிபாருங்கள்

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோவில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பெரியவர்கள் 20 பேர் கூடுகிறோம். பிள்ளைகள் வாங்கித் தந்த வாட்ச் பலர் கையில் இருக்கிறது. காட்டும் நாடித்துடிப்பை நம்பலாமா என்று தெரியவில்லை. ஒருவருடையது சர்க்கரையும் காட்டுகிறது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
- வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: சர்க்கரை காட்டும் வாட்சை முதலில் ஓரம் வையுங்கள். தோலைக் குத்தாமல் தானாகவே சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டால் உயிருக்கே வினை. உடலில் ஒட்டிக்கொள்ளும் நிஜமான சர்க்கரை சென்சாரின் மெல்லிய இழை தோலுக்குள் இருக்கும். அதுவும் ரத்தத்தை அல்ல, திசுநீரை அளப்பதால் சில நிமிடம் பின்தங்கும். ஒட்டிய பக்கமாகச் சாய்ந்து படுத்தால், இல்லாத தாழ்சர்க்கரைக்கு நடுராத்திரியில் அலாரம் அடிக்கும். (சர்க்கரையை இந்தியாவில் ஓர் அலகிலும் தென்னாப்பிரிக்காவில் வேறு அலகிலும் சொல்வார்கள். சென்னை உறவினர் சொல்லும் 126, உங்கள் ஊர் மீட்டரில் 7. 18-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.)

முதல் வகுப்பில் நாடி மட்டும் போதும். 5 நிமிடம் பேசாமல் உட்கார வையுங்கள். சுட்டுவிரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக வைத்து 30 வினாடி எண்ணி இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள். பெருவிரலால் பார்க்கக் கூடாது. அதன் சொந்தத் துடிப்பே குழப்பும். வாட்சோடு 5-க்கு மேல் வித்தியாசம் வந்தால், கட்டிய விதத்தைப் பாருங்கள்.

வாட்சின் அடியில் மினுங்கும் பச்சை விளக்கின் ஒளியை ரத்தம் உறிஞ்சும். திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கமே துடிப்பாகிறது. தளர்ந்த வாரில் வெளிவெளிச்சம் புகுந்துவிடும். வளையலும் காப்புக் கயிறும் வாட்சைத் தோலிலிருந்து தூக்கிவிடும். மறு கைக்கு மாற்றி, மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே கட்டுங்கள். பச்சை குத்திய இடம் வேண்டாம். காவடி ஊர்வலத்தில் காட்டும் 130 இதயத்தின் கணக்காகவும் இருக்கலாம், காலடிக் கணக்காகவும் இருக்கலாம். நின்று, விரலால் எண்ணிப் பார்த்தால் தெரியும்.

எண்ணும்போதே துடிப்பு தாறுமாறாக விட்டுவிட்டு வந்தால் வாட்சைக் குறை சொல்லாதீர்கள். முழு 60 வினாடி எண்ணிக் குறித்து, கிளினிக்கில் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு மண்டபத்தில் மேற்கைப் பட்டைக் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். அழுத்தம் காட்டும் சாம்சங் வாட்சையே 28 நாளுக்கு ஒருமுறை பட்டைக் கருவியோடு ஒப்பிட்டுச் சீராக்க வேண்டியிருக்கிறது.