பிசியோதெரபி படிக்கட்டும் அண்ணே, கல்லூரியை மட்டும் பார்த்துச் சேருங்கள்

அண்ணே, டாக்டர் சீட் கிடைக்கவில்லை, அதனால்தான் பிசியோதெரபிக்குப் போகிறாள் என்று தேவகோட்டையில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லாதீர்கள், அவள் காதில் விழுகிறது. உங்கள் மகளிடம் நிதானமாகப் பேசினேன். தீராத மூச்சுத்திணறலோடு இருப்பவர்களையும் புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்களையும் எப்படித் திரும்ப நடமாட வைப்பது என்று ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறாள். நல்ல ஆசை, அதற்கு வழியும் இருக்கிறது.

நுரையீரலே கெட்ட பிறகு உடற்பயிற்சி என்ன செய்துவிடும் என்று கேட்டீர்கள். விறகடுப்புப் புகையிலோ பீடியிலோ நுரையீரல் கெட்டவருக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், அந்தப் பயத்தில் நடப்பதைக் குறைப்பார், நடக்காததால் கால் தசை இளைக்கும், இளைத்த தசையோடு கொஞ்சம் அசைந்தாலே இன்னும் இரைக்கும், கடைசியில் வீட்டு முகப்பில் உட்கார்ந்தவர் வளவு என்கிற உள்முற்றத்தைத் தாண்டி உள்ளே போகவே யோசிப்பார். முறையான பயிற்சியால் நுரையீரல் மாறுவதில்லை. கால் தேறுகிறது, பயம் தெளிகிறது, அதே நுரையீரலோடு கூடுதல் தூரம் நடக்கிறார்.

இதை அளந்துதான் சொல்கிறார்கள். 30 மீட்டர் தாழ்வாரம், விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி, ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி, முன்னும் பின்னும் "மூச்சு எவ்வளவு வாங்குது, பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க" என்று கேட்பார்கள். கையடக்க மின்விசிறியை முகத்துக்கு நேரே பிடித்தால் திணறல் தணிகிறதா என்றுகூடச் சோதனை நடத்தியிருக்கிறார்கள்.

புற்றுநோய்ப் பக்கம் இன்னும் பெரிய மாற்றம். மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்த பெண்களை அந்தக் கையால் தண்ணீர்க் குடம்கூடத் தூக்காதே என்பார்கள், கை வீங்கிவிடும் என்ற பயம். படிப்படியாக எடை தூக்கிப் பழகினால் வீக்கம் கூடுவதில்லை என்று 2009இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2025இல் வந்த ஆய்வு பெருங்குடல் புற்றுநோய்க்காரர்கள் 889 பேரை வைத்து நடந்தது, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும். மூன்று வருடம் வழிகாட்டலோடு உடற்பயிற்சி செய்தவர்களில் ஐந்து வருடம் நோயில்லாமல் இருந்தவர்கள் சுமார் 80 சதவீதம், ஆலோசனைப் புத்தகம் மட்டும் வாங்கியவர்களில் 74. சரி, செட்டிநாட்டு வெயிலில், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஓர் ஆச்சிக்கு அதே பயிற்சியை யார் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது? உங்கள் மகள் கேட்க வேண்டிய ஆராய்ச்சிக் கேள்வி அதுதான்.

கல்லூரி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பளபளப்பான கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, நெஞ்சு நோய் வார்டிலும் ஐசியூவிலும் மாணவர்களை விடுகிறார்களா, புற்றுநோய்ப் பிரிவு உண்டா என்று அங்கே இறுதியாண்டு படிக்கிற பிள்ளைகளைத் தனியாகப் பிடித்துக் கேளுங்கள். அப்புறம் இரண்டு வருட முதுகலையில் இதயம்-நுரையீரல் பிரிவை எடுக்க வேண்டும், ஆராய்ச்சிப் பட்டம் அதற்குப் பிறகுதான். புள்ளியியலை இப்போதே பிடிக்க வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதில் தடுமாறுகிறவர்கள்தான் ஆராய்ச்சியில் பாதியில் நிற்கிறார்கள்.

ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைக்க மாட்டேன். ஆனால் 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். உங்கள் பக்கம் வருகிறவரோடு, அவர் சம்மதித்தால், ஒரு நாள் மகளை அனுப்பிப் பாருங்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே அனுப்புங்கள்.