பைக்கில் இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றணும்?

100–150 சிசி வண்டியில் மினரல் ஆயில் என்றால் 3000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள். செமி சிந்தெடிக் 5000 வரை தாங்கும். மேனுவலில் வேறு கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அதிகம் ஓட்டாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடேறாது, ஈரம் ஆயிலிலேயே தங்கிவிடும்.

கியர் பைக்குகளில் பெரும்பாலும் கிளட்சும் இதே ஆயிலில்தான் ஊறுகிறது. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம், தயவுசெய்து வேண்டாம். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' (JASO MA) அல்லது 'எம்ஏ2' (MA2) இருக்கிறதா பாருங்கள், ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக் குறியீடு அது.

ஆயில் ஃபில்டரை நான் ஒவ்வொரு முறையும் ஆயிலோடு சேர்த்தே மாற்றுவேன். ஸ்பிளெண்டரில் பேப்பர் ஆயில் ஃபில்டர் கிடையாது, சல்லடையைக் கழுவ வேண்டும். ஏர் ஃபில்டர் புழுதி ரோட்டில் சீக்கிரம் அடைக்கும். எண்ணெய் பூசிய பேப்பர் வகையை ஏர் அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், புதிதாகவே போடுங்கள்.