அடிக்குறிப்பு சந்தேகமா? கேளுங்க, இன்னைக்கு சாயந்தரம் வரைக்கும் இருக்கேன்

கோபி மாணவி: சார், புறநானூறுக்கு எந்த வருசம் போடோணும்? 1894-ங்களா?

அம்மிணி, அது உ.வே.சா. மொதமொதல்ல அச்சுல கொண்டாந்த வருசம். உன்ற கையில இருக்கறது எந்தப் பதிப்போ அந்த வருசத்தப் போடு. கூடவே பாட்டு நம்பரும், பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறிப்போகும். மஞ்ச மண்டியில சாம்பிள ஒடச்சுப் பாக்காம யாராச்சும் வெல கேப்பாங்களா? பாக்காத புக்க பட்டியல்ல போடாத.

ஈரோடு: அடிக்குறிப்பு எழுதற முறையில எம்எல்ஏ ஸ்டைலா சிகாகோ ஸ்டைலாங்க?

உங்க யுனிவர்சிட்டி ரூல்ஸ்ல என்ன இருக்குதோ அது.

கரூர்: கொடுமணல் அகழாய்வு பத்தி எழுதறனுங்க. பதிற்றுப்பத்துல வர்ற கொடுமணம் இதுதான்னு சொல்ல ஒரு அடிக்குறிப்பு போதுங்களா?

பத்தாதுங்க, மூணு வேணும். பதிற்றுப்பத்து 67, 74 ரெண்டுலயும் கொடுமணம்னு பேரு வருது, ஆனா அது நொய்யல் கரையில இருக்கற இந்த ஊருதான்னு பாட்டு சொல்லல. பானை ஓட்டுல தமிழி (பழைய தமிழ்) எழுத்து, கல்மணி, இரும்பு உருக்குன அடையாளம் இதெல்லாம் அகழாய்வு அறிக்கையில இருக்குது, அதுக்குத் தனிக் குறிப்பு. அதும் இதும் ஒண்ணுன்னு சேத்துச் சொன்னது ஆய்வாளருங்க, அவங்களுக்குத் தனிக் குறிப்பு. எல்லாத்தையும் ஒட்டுக்கா ஒரே நம்பர்ல கட்டிப்போட்டா எது சான்று எது கருத்துன்னு படிக்கறவனுக்குப் புரியாது. கல்வெட்டுக்கும் இப்படித்தான், கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கையில சுருக்கந்தான் இருக்கும், வாசகம் வேணும்னா தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிக்குப் போயி தொகுதி எண், கல்வெட்டு எண் ரெண்டும் எழுதுங்க.

திருப்பூர்: எம்எல்ஏ, சிகாகோ எது ஈசி?

மேல பாருங்க.

பல்லடம்: ஆசிரியரோட கடைசிப் பேர முன்னாடி போடோணும்னு சொல்றாங்களே சார்?

கடைசிப் பேரு குடும்பப் பேரா இருக்கறவங்களுக்குத்தான் அந்த ரூல். நமக்கேதுங்க குடும்பப் பேரு? உ.வே.சா.ல உ உத்தமதானபுரம், வே அப்பா வேங்கடசுப்பையர், அவரு பேரு சாமிநாதன். இனிஷியல் போட்டா தப்பிச்சோம். அப்பா பேர பின்னாடி முழுசா எழுதுனாத்தான் வம்பு, கட்டுரை அப்பனுக்குப் போயிரும்.

பல்லடம்: பாஸ்போர்ட்லயே அப்பா பேரத்தான சர்நேம்னு போடறாங்க?

பாஸ்போர்ட்டா கட்டுரை எழுதுச்சு?

பொள்ளாச்சி: வெளிநாட்டு ஜர்னல்ல ஒத்துக்க மாட்டாங்க சார், சும்மா சொல்லாதீங்க.

எடிட்டருக்கு ஒரு வரி எழுதுங்க, இவரு பேரு இது, பின்னாடி இருக்கறது அப்பா பேருன்னு. நான் எழுதாம விட்டுட்டேன். எங்கப்பாரு காலம் பூரா தறி ஓட்டுனவரு, நாட்டார் வழக்காறு பத்தி அவரு ஒரு கட்டுரை எழுதிருக்கறதா இன்னைக்கும் ஒரு ஜர்னல்ல கெடக்குது. அதக் காட்டுனப்ப, "காசு எதாச்சும் வருமா?"ன்னாரு.

பொள்ளாச்சி: 😂 சரி சார், நீங்க சொல்றதே இருக்கட்டும்.

தாராபுரம்: ஏஐ குடுத்த பட்டியல்ல 6-க்கு 4 புக்கு லைப்ரரில இல்லீங்க.

லைப்ரரில மட்டுமில்ல, உலகத்துலயே இல்லாம இருக்கும். ஆசிரியர், வருசம், பதிப்பகம் எல்லாம் நெசமாட்டவே எழுதிக் குடுக்கும். நாலையும் அழிச்சுருங்க, மீதி ரெண்டையும் கையில எடுத்துப் பாக்காம போட்றாதீங்க.

சத்தி: வணக்கம் சார், எம்எல்ஏ ஃபார்மட்டா சிகாகோ...

சாமீ, மேல பாருங்க. நான் டீ குடிக்கப் போறேன்.