இரண்டு படைக்கு ஒரே பெயர்

கேள்வி: அமைதிப்படை என்ன செய்தது என்று 1987-இல் இலங்கையில் பார்த்தாயிற்று. அதே ஐ.நா. படைக்கு நம் பிள்ளைகளை இன்னும் காங்கோவுக்கும் லெபனானுக்கும் அனுப்புவது எதற்கு?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: இலங்கைக்குப் போனது ஐ.நா. படையே இல்லை. ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் 1987 ஜூலை 29-இல் போட்ட ஒப்பந்தத்தின் பேரில் போன இந்திய ராணுவம் அது. உத்தரவு டெல்லியிலிருந்து வந்தது. அக்டோபரிலேயே புலிகளோடு சண்டை. அந்த மாதம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்ஸுகளும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது நம் பக்கம் சுமார் 1,200 ஜவான்கள் உயிரோடு இல்லை. மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் பெரியவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் மாறும் என்றால் அதில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதை வேறொரு படையின் கணக்கில் எழுதாதீர்கள்.

இதில் பெரிய தப்பு பத்திரிகைக்காரர்களான எங்களுடையது. இரண்டுக்கும் 'அமைதிப்படை' என்றே தலைப்புப் போட்டுப் பழக்கிவிட்டோம். இனி இந்தப் பத்திரிகையில் ஐ.நா. படையை 'நீலத் தொப்பிப் படை' என்றே எழுதுவோம்.

ஐ.நா.வுக்குச் சொந்தமாக ஒரு சிப்பாய்கூடக் கிடையாது. பாதுகாப்பு சபையின் 15 நாடுகளில் 9 ஆதரிக்க வேண்டும், ஐந்து வல்லரசுகளில் ஒன்றுகூட வீட்டோ போட்டுத் தடுக்கக்கூடாது, படை போய் இறங்கும் நாடு சம்மதிக்க வேண்டும். அப்புறம்தான் மற்ற நாடுகளிடம் ஆள் கேட்க முடியும். 2009-இல் முள்ளிவாய்க்காலுக்கு ஏன் யாரும் வரவில்லை என்று உங்கள் கரையில் இன்னும் கேட்கிறார்கள். கொழும்பு கேட்கவும் இல்லை, சபை தீர்மானம் போடவும் இல்லை. ருவாண்டாவில் இதைவிட மோசம். 1994-இல் படுகொலை நடந்துகொண்டிருக்கும்போதே, அங்கே இருந்த சுமார் 2,500 பேரை 270 ஆகக் குறைக்கச் சொன்னது அதே சபை. அதற்காக ஐ.நா.வைத் திட்டுங்கள், நானும் கூட நிற்கிறேன்.

சரி, எதற்கு அனுப்புகிறோம்? 2007-இல் லைபீரியாவுக்கு நம் சி.ஆர்.பி.எஃப். பெண் போலீசார் நூறு பேருக்கு மேல் போனார்கள். முழுக்கப் பெண்களே இருந்த முதல் ஐ.நா. போலீஸ் அணி அதுதான். உள்நாட்டுப் போரில் பாலியல் கொடுமைகளைப் பார்த்த ஊர் அது. 2016 வரை அதன் தெருக்களில் இரவு ரோந்து போனார்கள். அவர்களைப் பார்த்து அந்த நாட்டுப் பெண்களும் போலீசில் சேர முன்வந்தார்கள்.